ரெனான் பாதையை வீட்டுக்குள் ஏற்றுவது எப்படி?

பீல் நகரில் புறப்பட்டு லா ஷோ-த-ஃபோனுக்குப் போகும் புகையிரதம் சூஸ் ஆற்றின் கரை பிடித்து மலையேறுகிறது. சொன்ஸ்போ, கூர்ட்லாறி, வில்றே, சன்-இமியே, சொன்விலியே என்று நிலையம் நிலையமாக உயர்ந்து கடைசியில் ரெனான் என்ற சிறு கிராமத்தை அடைகிறது. பேர்ண் மாநிலத்தைச் சேர்ந்த ஊராயினும் அங்கு பேசப்படுவது பிரெஞ்சு மொழி. வழியில் கூர்ட்லாறியில் நம் பிள்ளைகள் விரும்பித் தின்னும் ரகூசா சொக்கிளேற் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. சன்-இமியேயில் 1867 முதல் லோன்ஜின் கடிகாரத் தொழிற்சாலை ஆற்றோரமாக நிற்கிறது. ரெனானைத் தாண்டியபின் வண்டி குறோசெத் சுரங்கத்துள் நுழைந்து, 1,600 மீற்றருக்குச் சற்று மேலான இருளைக் கடந்து, லா ஷோ-த-ஃபோன் பக்கத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது.

இந்தப் பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1860-இல் நொசத்தல் நகரிலிருந்து லா ஷோ-த-ஃபோனுக்கு வந்த முதற் பாதை, இரண்டு நீண்ட சுரங்கங்களால் மலையைத் துளைத்து வந்தது. அவ்விரு சுரங்கங்களுக்கும் இடையில், வானம் தெரியும் ஒரு சிறு இடைவெளியே கொன்வேர். 1874-இல் சன்-இமியே பள்ளத்தாக்கு வழியாக ரெனானைக் கடந்து வந்த பாதை, அந்த இடைவெளியிலேயே பழைய பாதையுடன் இணைந்தது. 1888-இல் குறோசெத் சுரங்கம் வழியாக நேர்பாதை திறக்கப்பட்டதும் கொன்வேர் இணைப்புக்கு வேலையில்லாமற் போயிற்று. பின்னர் அத் தண்டவாளம் எடுக்கப்பட்டது. ஒரு சந்தி நிலையம் பிறந்து, உழைத்து, மறைந்த கதை முழுவதும் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு மலைப்பாதையை வீட்டின் ஓர் அறைக்குள் கொண்டுவர முடியுமா? மாதிரிப் புகையிரதம் அமைப்போர் உலகெங்கும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. சுவிஸ் நாட்டில் இது விளையாட்டுச் சாமான் விவகாரம் மாத்திரம் அல்ல. ஐப்பசியில் இருட்டத் தொடங்கினால் பங்குனி வரை மாலை வேளைகள் வீட்டுக்குள்ளேயே கழிகின்றன. பிள்ளை ஓர் அறையில் திரையைப் பார்த்தபடி, தந்தை இன்னோர் அறையில் வேலைக் களைப்போடு என்று அக் காலம் போய்விடுகிறது. ஓய்வூதிய வயதை எட்டிய முதற் தலைமுறையினருக்கோ கையில் நேரம் உண்டு, அந் நேரத்துக்கு வேலை இல்லை. அத்தகைய வீட்டில் இரண்டு மூன்று குளிர்காலங்களை விழுங்கக்கூடிய ஒரு வேலையை ஆரம்பிப்பதானால், அது இடைநடுவில் தோற்றுப்போகாதிருக்க வேண்டும். தோற்றுப்போன அமைப்புகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் தோற்றவை: பலகை அறுக்குமுன் கணக்குப் பார்க்கப்படவில்லை.

ஆகவே முதலில் கணக்கு. ஐரோப்பாவில் அதிகம் வழங்குவது 1:87 என்ற அளவு. இதில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இந்த அளவில் உண்மையான ஒரு கிலோமீற்றர் ஏறத்தாழ 11½ மீற்றராகச் சுருங்கும். பீலிலிருந்து லா ஷோ-த-ஃபோன் வரையுள்ள சுமார் 44 கிலோமீற்றரை அப்படியே அமைப்பதானால் 500 மீற்றருக்கு மேற்பட்ட தண்டவாளம் வேண்டும். பீல் கடல் மட்டத்திலிருந்து 430 மீற்றர் அளவில் இருக்கிறது, லா ஷோ-த-ஃபோன் 990 மீற்றர் அளவில். அந்த உயர வேறுபாடு மாதிரியில் 6 மீற்றரைத் தாண்டும். மேல்மாடி வீட்டுக்காரர் கூரையைப் பிரிக்கச் சம்மதிக்க மாட்டார். எனவே எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே அமைப்பாளரின் முதல் வேலை. இந்தப் பாதைக்குச் சன்-இமியே, ரெனான், லா ஷோ-த-ஃபோன் என்ற மூன்று நிலையங்கள் போதும். பீல் நகரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடமாக இருந்தாற் போதுமானது.

நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட அறையொன்றை எடுத்துக்கொள்வோம். சுவரை ஒட்டிப் பலகை அடித்து, கதவுக்கு வழி விட்டால், ஒரு சுற்றில் 11 அல்லது 12 மீற்றர் பாதை கிடைக்கும். உண்மையில் அது ஒரு கிலோமீற்றர் தூரம். ஓர் இயந்திரமும் நான்கு பயணிகள் பெட்டிகளும் சேர்ந்த வண்டி ஏறக்குறைய 1.4 மீற்றர் நீளம் வரும். அதாவது வண்டியின் தலை ஒரு நிலையத்தை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்தில் மறு நிலையத்தைத் தொட்டுவிடும். பயணம் என்ற உணர்வே வராது. இந்தக் குறையைப் போக்க எழுந்த யோசனையே அடுக்கு முறை: கீழே ஒரு தட்டு, அதற்கு மேலே இன்னொரு தட்டு, இரண்டையும் இணைக்கும் ஓர் ஏற்றம். அதே அறை, அதே நிலப்பரப்பு, ஆனால் பாதை இரட்டிப்பு. அமெரிக்காவில் ஜோன் ஆம்ஸ்ரோங் என்பவர் 1963-இல் வெளியிட்ட பாதைத் திட்டமிடல் நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுவது. பல அடுக்கு அமைப்புக்கென்றே 2008-இல் ரோனி கோஸ்ரர் தனி நூல் எழுதினார்.

நவராத்திரிக்குக் கொலுப் படி கட்டிய வீட்டாருக்கு இதன் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை. மேற்படி கீழ்ப்படியை மறைக்கக் கூடாது. மேலே போகப்போக அகலம் குறைய வேண்டும். மாதிரிப் பாதையிலும் கீழ்த்தட்டு 50 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழமாக இருக்கலாம். மேற்தட்டு 30, 35க்கு மேற் போகாதிருப்பது நல்லது. வித்தியாசம் என்னவென்றால், கொலுவில் பொம்மைகள் பத்து நாளும் இருந்த இடத்தில் இருக்கும். இங்கே பொம்மைகள் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குத் தாமாக ஏறிச் செல்ல வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

புகையிரதம் ஏணியில் ஏறாது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால், சாய்வு சற்றுக் கூடினாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கிவிடும். நீலகிரியில் 12-க்கு 1 என்ற செங்குத்தான ஏற்றத்துக்காகத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்தார்கள். அந்தப் பற்சட்ட முறையைக் கண்டுபிடித்த றோமான் அப்ட் ஒரு சுவிஸ் பொறியியலாளர். ஊட்டிக்கு ஏறும் நீராவி இயந்திரங்கள் பலவும் வின்ரர்தூர் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. பற்சட்டம் இல்லாத இடத்தில் ஒரே வழி பாதையை நீட்டுவது. இடம் இல்லாத மலையில் பாதையை நீட்ட வேண்டுமானால் அதைச் சுருட்ட வேண்டும்.

சுவிஸ் நாடு இவ் வித்தையிற் பேர்பெற்றது. 1882-இல் திறக்கப்பட்ட கொத்தார்ட் பாதையில் வாசன் கிராமத்துத் தேவாலயத்தைப் பயணி மூன்று முறை, மூன்று உயரங்களிலிருந்து காண்கிறார். அல்புலாப் பாதையில் பேர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே நேர்கோட்டில் 5 கிலோமீற்றர் அளவான தூரத்தை வண்டி 12 கிலோமீற்றருக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. புறூசியோவில் 1908 முதல் நிற்கும் வட்டப் பாலம் திறந்த வெளியிலேயே ஒரு முழு வட்டமிட்டுத் தன் கீழாகத் தானே புகுந்து செல்கிறது. அவ் வட்டத்தின் ஆரை 70 மீற்றர். 1:87 அளவில் அது 80 சென்ரிமீற்றர்! வீட்டு அறைக்குள் அமைப்போர் பயன்படுத்தும் ஆரைக்கு இவ்வளவு கிட்ட வரும் உண்மையான வளைவுகள் உலகில் அதிகம் இல்லை.

ஆனால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதைக் காட்ட புறூசியோ வரை போக வேண்டியதில்லை. 1924-இல் பதுளையை அடைந்த மலையகப் பாதையில் தெமோதரை நிலையம் இருக்கிறது. அங்கே வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே குடைந்த 42-ஆம் இலக்கச் சுரங்கத்தினூடாக வெளியேறுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திராவுக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கதை உண்மையோ புனைவோ, சுருள் பாதையை இதைவிட எளிதாக விளக்க முடியாது. மலையகப் பாதையின் உச்ச ஏற்றம் 44-க்கு 1, அதாவது நூற்றுக்கு 2¼ அளவு. நல்ல வீட்டுச் சுருளொன்றுக்கு வேண்டிய ஏற்றமும் கிட்டத்தட்ட அதுவே.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுருளை ஜேர்மன் பேசும் கடைக்காரர் கிளைஸ்வென்டல் என்பர். வட்டமான ஒட்டுப்பலகைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, மரை போட்ட நெடுங்கம்பிகளில் நட் வைத்து நிறுத்தப்படும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே பெட்டி தடையின்றிப் போக வேண்டும். பலகையின் தடிப்பும் அதற்குள் அடங்க வேண்டும். 1:87 அளவில் ஒரு சுற்றுக்கு 8½ சென்ரிமீற்றர் உயர்வு கொடுப்பது பாதுகாப்பானது. ஆரை 60 சென்ரிமீற்றரானால் ஒரு சுற்றின் நீளம் 377. 8½ஐ 377 ஆற் பிரித்தால் நூற்றுக்கு 2¼. இது நல்ல ஏற்றம். ஆரையை 45 ஆகக் குறைத்தால் ஏற்றம் நூற்றுக்கு 3. கடையில் விற்கும் சிறிய வளைவான 36 சென்ரிமீற்றரில் அது 3¾ ஆகிவிடும்.

இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதென்று எண்ணுவோரே பிறகு பலகையைக் கழற்றுகிறார்கள். வளைவில் ஓடும் வண்டி, சக்கர விளிம்பு தண்டவாளத்தோடு உராய்வதால், நேர்ப்பாதையில் ஓடுவதைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. அனுபவஸ்தர்கள் இந்த உராய்வையும் ஏற்றமாகவே கணக்கிற் சேர்ப்பார்கள். 60 சென்ரிமீற்றர் ஆரைக்கு நூற்றுக்கு ஒன்றரை அளவு கூடும். 36க்கு இரண்டுக்கு மேல். ஆகவே முதலாவது சுருளில் இயந்திரம் உணர்வது நூற்றுக்கு 3½க்கு மேலான ஏற்றம். கடைசிச் சுருளில் அது 6. மேசையில் பத்துப் பெட்டி இழுத்த இயந்திரம் அங்கே மூன்றாவது பெட்டியிலேயே மூச்சு வாங்கும். நீண்ட வண்டியானால் இன்னொரு ஆபத்தும் உண்டு: நாண் ஏற்றிய வில்லைப்போல் வண்டி இறுகி, நடுவிலுள்ள பாரம் குறைந்த பெட்டிகள் உட்புறமாகச் சரிந்து விழும். அதனால் பாரமான பெட்டிகளை முன்னுக்குக் கோப்பது வழக்கம். இடம் உண்மையிலேயே இல்லாதவர்கள் ஆரையைக் குறைப்பதைவிட அளவைக் குறைப்பது புத்தி. 1:160 அளவில் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீற்றர். அதில் 30 சென்ரிமீற்றர் ஆரைச் சுருள் 65 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

இனி ரெனானுக்குத் திரும்பலாம். இந்தப் பாதையை அடுக்கு முறைக்குத் தெரிந்தெடுப்பதற்கு நியாயம் உண்டு. 60 சென்ரிமீற்றர் ஆரையில் ஐந்து சுற்றுச் சுருள் ஏறத்தாழ 18.8 மீற்றர் பாதையாகும். குறோசெத் சுரங்கம் 1:87 அளவில் 18½ மீற்றர் அளவு. ஆகவே ரெனானுக்கு மேலே சுரங்க வாயில் ஒன்றைக் கட்டி, அதற்குள் சுருளை மறைத்துவிட்டால், வண்டி சுரங்கத்தில் மறைந்திருக்கும் நேரமும் சரியாக வரும். மணிக்கு 50 கிலோமீற்றர் என்ற மாதிரி வேகத்தில் அது இரண்டு நிமிடம். வண்டி உள்ளே போகிறது. பிள்ளை மேலே அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து மேற்தட்டில் விளக்குத் தெரிகிறது. சுருளின் பெருங்குறை என்று பலரும் சொல்லும் அந்த மறைவு நேரம், இங்கே உண்மையான சுரங்கத்தின் நேரமாகிவிடுகிறது.

சன்-இமியே நிலையம் நிலத்திலிருந்து 88 சென்ரிமீற்றர் உயரத்தில் ஆரம்பிக்கட்டும். அங்கிருந்து ரெனான் வரை சுருள் தேவையில்லை. சுவரோரமாக 8 மீற்றர் தூரம் நூற்றுக்கு 1½ ஏற்றத்தில் போனால் 12 சென்ரிமீற்றர் உயர்ந்து 100இல் ரெனான் வந்துவிடும். உண்மையான பள்ளத்தாக்கும் இப்படித்தான், திடீரென்று அல்ல, விடாமல் உயர்கிறது. பிறகு சுருளில் 42 ஏறி, 142 சென்ரிமீற்றரில் லா ஷோ-த-ஃபோன். சன்-இமியேக்குக் கீழே 6 மீற்றர் தூரம் நூற்றுக்கு 2 இறக்கம் கொடுத்து, 76 சென்ரிமீற்றரில் மூன்றாவதாக ஒரு மறைவுத் தட்டு. அதுதான் பீல். சுவிஸ் வழக்கில் இத்தகைய மறைவு நிலையத்தை ஷாட்டன்பான்ஹோவ், நிழல் நிலையம் என்பார்கள். கூத்து மேடையில் திரைக்குப் பின்னால் வேடம் கட்டி நிற்போரைப் போல, நான்கைந்து வண்டிகள் அங்கே தமது முறைக்காகக் காத்து நிற்கும்.

இவ்வுயரங்களில் ஒரு வசதி இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ரெனான் நெஞ்சளவில் வரும். லா ஷோ-த-ஃபோன் கண்ணுக்கு மேலே போய்விடும். வளர்ந்தவருக்கு மேற்தட்டு கண்ணுக்குச் சற்றுக் கீழே, பார்க்க மிக நன்றாக இருக்கும். பிள்ளைக்குக் கீழ்த்தட்டு, பெரியவருக்கு மேற்தட்டு என்று நிலைய அதிபர் பதவிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்து மேற்தட்டைக் கேட்கும் காலம் வரும். அப்போது பெரியவருக்கு நாற்காலியில் இருந்து பார்க்கக் கீழ்த்தட்டே வசதியாயிருக்கும்.

கட்டுவோர் மறக்கக் கூடாதவை சில. சுருளுக்குள்ளே பொயின்ற் வைப்பது கூடாது. வண்டி புரள்வது எப்போதும் கை எட்டாத இடத்திலேதான். சுருளின் நடுவே ஆள் நுழைந்து நிமிர்ந்து நிற்கக்கூடிய வெளி இருக்க வேண்டும். எந்தப் பாதையும் ஓரத்திலிருந்து 60, 70 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருக்கலாகாது. மேற்தட்டின் அடியில் மெல்லிய எல்.ஈ.டி. விளக்குப் பட்டி ஒட்டாவிட்டால் கீழ்த்தட்டு பகலிலும் இருண்டு கிடக்கும். தண்டவாளம் மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோவதில் மந்தமானது. எனவே இரண்டு மீற்றருக்கு ஒரு தடவையாவது தடித்த செப்புக் கம்பியிலிருந்து கிளை இணைப்புக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருளின் உச்சியில் வண்டி தளரும்.

கெல்லரில் அமைப்போருக்குத் தனிக் கவலை உண்டு. கோடையில் அங்கே ஈரம் ஏறி ஒட்டுப்பலகை உப்பும். குளிர்காலத்தில் சூடாக்கியைப் போட்டதும் காய்ந்து சுருங்கும். பலகை அசைந்தால் தண்டவாளமும் அசையும். பலகையின் இரு பக்கத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் வர்ணம் பூசுவதும், தண்டவாள இணைப்புகளில் நூலிழை இடைவெளி விடுவதும் இதற்குப் பரிகாரம். வீட்டின் பாதுகாப்பு அறையைப் பயன்படுத்துவோர், அவசரம் வந்தால் அதைக் காலி செய்து கொடுக்க வேண்டிய கடமை இருப்பதை நினைவில் வைப்பது நல்லது. வாடகை வீட்டில் சுவரிற் துளையிடாமல் கால் வைத்த மேசைகளாகக் கட்டுவதும், ஒவ்வொரு துண்டும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் படிக்கட்டால் இறக்கக்கூடியதாக இருப்பதும் உசிதம். சுருளையும் இரண்டு மூன்று வளையத் தொகுதிகளாகக் கழற்றலாம். சுவிசில் வீடு மாறாத குடும்பம் எத்தனை?

இத்தனையும் கட்டி முடித்தபின் வண்டியைச் சும்மா சுற்றவிட்டால், இரண்டு கிழமையில் பிள்ளை மறுபடி திரைக்குப் போய்விடும். இதை 1940-களிலேயே உணர்ந்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் எலிசன். மாதிரிப் புகையிரதம் ஒரு நாடக மேடை. மலையும் வீடும் மேடைக் காட்சி, வண்டிகள் நடிகர்கள், நேர அட்டவணையே நாடகம் என்பது அவர் கருத்து. நாடகம் இல்லாத மேடையை எத்தனை நாள் பார்ப்பது?

ரெனான் பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்திலேதான் விலக முடியும். ஒன்று வரும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். இதிலிருந்துதான் ஆட்டம் பிறக்கிறது. சன்-இமியேயில் 8 மணி 4 நிமிடத்துக்குப் புறப்படும் பயணிகள் வண்டி ரெனானில் சரக்கு வண்டியை விலக்க வேண்டும். சரக்கு வண்டியோ கடிகாரத் தொழிற்சாலைப் பக்கப் பாதையில் ஒரு பெட்டியை விட்டு, வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சுணங்கிவிட்டது. யாரை முன்னே விடுவது? மேலே லா ஷோ-த-ஃபோனில் இடம் இருக்கிறதா? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-இல் சுவிஸ் நாடு முழுவதும் ஒரே ஒழுங்கில் மணிக்கு மணி வண்டி என்ற முறையை அறிமுகப்படுத்தியது. அதேபோல் வீட்டிலும் வேகமாக ஓடும் ஒரு கடிகாரத்தை வைத்து, உண்மையான பத்து நிமிடத்தை ஒரு மணித்தியாலமாகக் கொண்டால், ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முழு நாளின் சேவையை நடத்தி முடிக்கலாம்.

இந்த இடத்தில் இலங்கைப் புகையிரதத்தை அறிந்தவர்களுக்கு ஒரு மேலதிகத் தகைமை இருக்கிறது. ஒற்றைப் பாதையில் வண்டி போவதற்கு அங்கே பல பகுதிகளில் ரப்லெட் வேண்டும். பெரிய வளையத்தில் கோத்த பையினுள் இருக்கும் அந்த உலோகத் தட்டு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. இரண்டு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு ரப்லெட்தான் வெளியே வரும். ஆகவே ஒரு வண்டிதான் போகும். நிற்காமற் போகும் வண்டியின் இயந்திரத்திலிருந்து ஒரு வளையம் மேடையில் விழ, மறு வளையத்தைச் சாரதியின் உதவியாளர் கையில் மாட்டிக்கொள்வதைப் பார்த்து வியக்காத யாழ்ப்பாணத்துச் சிறுவர் அந்நாளில் இல்லை. வீட்டு அமைப்பில் இதற்கு இரண்டு சிறு மரத்துண்டுகள் போதும். ஒன்றில் சன்-இமியே – ரெனான், மற்றதில் ரெனான் – லா ஷோ-த-ஃபோன் என்று எழுதிவிட்டால், அந்தத் துண்டைக் கையில் வாங்காமல் எவரும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது சட்டம். இன்றைய கணினி முறையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி இலக்கம் உண்டு. ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகளைத் தனித்தனியே ஓட்டலாம். மோதவும் விடலாம். மரத்துண்டுக்கு அதனால் இன்னும் வேலை இருக்கிறது. அதோடு, மேற்தட்டு அதிபரும் கீழ்த்தட்டு அதிபரும் பேசாமல் துண்டு கைமாறாது. அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதை வீட்டார் தீர்மானித்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில் இவ்வித்தையைப் பார்க்க விரும்புவோர் ஃபிறிபூர்க் நகருக்கு அருகே கிறான்ஜ்-பக்கோவுக்குப் போகலாம். அங்கே மார்க் அந்திக்லியோ என்ற கட்டட நிறுவனத் தலைவர் ஆரம்பித்த கேசர்பேர்க் புகையிரதம், 2009 முதல் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளது. 1:87 அளவில் 610 சதுர மீற்றர் பரப்பில் மூன்று அடுக்குகளாக 2,045 மீற்றர் தண்டவாளம். 1990-களின் ஆரம்பத்து இலையுதிர்கால வெள்ளிக்கிழமையொன்றின் முற்பகல் 11 மணியே அங்கு எப்போதும். நாளும் நேரமும் நிச்சயிக்கப்பட்டதால் எந்த வண்டி ஓடலாம், மரங்களின் நிறம் என்ன, மனிதர் என்ன உடுப்பு உடுத்தியிருப்பர் என்பதெல்லாம் தாமாகவே நிச்சயமாகிவிடுகின்றன. குறிப்பிட்ட சில நாட்களிலேயே திறந்திருப்பதால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

நாளை நிச்சயிக்கும் இந்த யோசனை ரெனானுக்கும் பொருந்தும். 1880 என்று வைத்தால் கொன்வேர் சந்தி உயிரோடு இருக்கிறது. ரெனானிலிருந்து வரும் வண்டி இரு சுரங்கங்களுக்கிடையே பழைய பாதையுடன் சேர்கிறது. இன்று என்று வைத்தால் அந்த இடத்தில் புல்தான்.

வடக்குப் பாதையை அமைக்க விரும்புவோருக்கும் இதே கேள்வி எழுகிறது. 1902-இல் காங்கேசன்துறையிலிருந்து குடாநாட்டுக்குள் ஓடத் தொடங்கிய பாதை 1905-இல் தென்னிலங்கையோடு இணைந்தது. 1956-இல் யாழ்தேவி வந்தது. 1990-இல் சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்த்து எடுக்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 ஐப்பசியில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 தையில் காங்கேசன்துறையை அடைந்தது. இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை தன் ஊரிற் புகையிரதத்தைக் கண்டதில்லை. 1975-ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு, சாவகச்சேரி நிலையத்து மேடையையும் பனைகளையும் கனடா வழங்கிய எம்-2 டீசல் இயந்திரத்தையும் அமைப்பதற்கு இன்று படங்களும், பார்த்தவர்களின் ஞாபகமும் இருக்கின்றன. ஞாபகம் உள்ளவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

அவ்வாறு அமைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையின் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர். 1:87 அளவில் அது 19.3 மில்லிமீற்றர் வரும். கடையில் விற்கும் தண்டவாளமோ 16.5. மூன்று மில்லிமீற்றர் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவதா, சிலிப்பர்க் கட்டை ஒவ்வொன்றாக அடுக்கிக் கையாலேயே பாதை போடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வடக்கே நிலம் தட்டையானது. அங்கே சுருளுக்கு நியாயமே இல்லை. இரண்டு அடுக்கு வேண்டுமானால், கீழே வடக்குப் பாதை, மேலே தெமோதரை என்று இரண்டு தனிப் பாதைகளாக வைத்து, நிழல் நிலையம் ஒன்றில் மாத்திரம் இணைக்கலாம். அந்த நிழல் நிலையத்துக்கு மருதானை என்று பெயரிடுவதில் எவருக்கும் ஆட்சேபம் இராது.

ஆரம்பிப்போர் முழு அறைக்கும் பலகை வாங்கிவிடக் கூடாது. முதற் குளிர்காலத்தில் சுருளின் இரண்டு சுற்றை மாத்திரம் கட்டி, தாம் ஓட்ட எண்ணியுள்ள ஆக நீளமான வண்டியை அதில் ஏற்றியும் இறக்கியும் நூறு தடவையாவது பார்க்க வேண்டும். இறக்கத்திலும் பார்ப்பது முக்கியம்; இறங்கும் வண்டியும் புரளக்கூடும். இரவு பத்து மணிக்குப் பின் அந்தப் பரீட்சையை நிறுத்திவிடுவது அயலவர் உறவுக்கு நல்லது. ஒட்டுப்பலகை வெற்றுப் பெட்டிபோல ஒலியைப் பெருக்கும். தண்டவாளத்துக்கடியில் ஐந்து மில்லிமீற்றர் தக்கைத் தகடு வைத்தால் சத்தம் ஓரளவு அடங்கும்.